பிராக்டிஸுக்கு கோல்ஃப் பந்து: மலிவா வாங்கினா போதுமா?

ஆபீஸ் நண்பர் கூப்பிட்டாரேன்னு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனீங்க. இப்போ விட மனசில்லை. வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்தால் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்வது ரொம்ப சுலபம். 1876-ல் தொடங்கிய பெங்களூரு கோல்ஃப் கிளப், சாங்கி ரோட்டில் சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. டொம்லூர் பக்கம் போனால் கர்நாடக கோல்ஃப் அசோசியேஷன் மைதானம். கோல்ஃப் செட்டை யாரிடமாவது செகண்ட் ஹேண்டில் ஒருமுறை வாங்கினால் போதும். பந்து அப்படியில்லை, தொலைந்துகொண்டே இருக்கும். நல்ல பிராண்டில் ஒரு டஜன் சில ஆயிரம் ரூபாய் என்பதால், ஒவ்வொரு முறை பந்து புதருக்குள் போகும்போதும் வயிறு கலங்கும்.

அதனால் மலிவான பந்து தேடுவது நியாயம்தான். ஆனால் விலையைப் பார்க்கும் முன் ஒரு கேள்வி: எங்கே அடிக்கப் போறீங்க?

டிரைவிங் ரேஞ்சில் என்றால் பந்தே வாங்க வேண்டாம். காசு கட்டினால் அவர்களே பக்கெட்டில் தருவார்கள். இது தெரியாமல் ஐம்பது பந்து வாங்கி வீட்டில் அடுக்கியவர்கள் உண்டு. ரேஞ்ச் பந்துகள் நீண்ட நாள் உழைப்பதற்காகச் செய்யப்படுபவை, அதோடு அடிவாங்கித் தேய்ந்தவை. சாதாரண பந்தை விடக் கொஞ்சம் குறைவாகவே பறக்கும். ‘என் 7 அயர்ன் இவ்வளவு தூரம்தான் போகுது’ என்று அதை வைத்துக் கணக்குப் போடாதீங்க. சுற்றிலும் கோடு போட்ட பந்தை வெளியே யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காமல் இருப்பது நல்லது. பெரும்பாலும் அது ஏதோ ஒரு ரேஞ்சின் சொத்து.

மொட்டை மாடியில் அடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். ரிச்சர்ட்ஸ் பார்க்கிலும் வேண்டாம். கோல்ஃப் பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம், விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர். பார்க்கச் சின்னதுதான். ஆனால் கொஞ்சம் பழகியவர் டிரைவரால் அடித்தாலே மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். எதிர்வீட்டுக் கண்ணாடியோ, நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவரோ, எதில் படும் என்று சொல்ல முடியாது. மாடியில் ஸ்விங் பழக ஃபோம் பந்து போதும். விலையும் குறைவு.

ஹாலில் கார்பெட் விரித்து பட்டிங் பழகுவதாக இருந்தால் நிஜப் பந்துதான் வேண்டும். இங்கே பலரும் செய்யும் தப்பு, பத்து பிராண்டில் பத்து பழைய பந்து வைத்துப் பழகுவது. ஒவ்வொன்றும் மட்டையில் படும்போது ஒவ்வொரு மாதிரி இருக்கும், கைக்குக் கணக்கு பிடிபடாது. ஒரே மாடலில் மூன்று பந்து இருந்தால் போதும், தேய்ந்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

மைதானத்தில் இறங்கும்போதுதான் பழைய பந்து உங்கள் காசைக் காப்பாற்றும். இவற்றில் பல, குளத்திலிருந்தும் புதரிலிருந்தும் எடுத்தவை. தேடி எடுக்கும் கேடிகளுக்கும் பையன்களுக்கும் அது கைச்செலவுக்கான காசு. (2009 இந்தியன் ஓப்பனை வென்ற பெங்களூருக்காரர் சி. முனியப்பா கேடியாகத் தொடங்கியவர்தான்.) அவர்களிடம் வாங்கலாமா என்பது கிளப்புக்கு கிளப் மாறும், விதியைக் கேட்டுக்கொண்டு வாங்குங்க. அடிமாட்டு விலைக்கு மட்டும் பேரம் பேசாதீங்க.

எதைப் பார்த்து வாங்குவது? உரசல், பேனாக் குறி, கம்பெனி லோகோ எல்லாம் பிரச்சினையே இல்லை. விரிசலோ வெட்டோ இருந்தால் விட்டுவிடுங்க. நிறம் மங்கியிருந்தால் நீண்ட நாள் தண்ணீரில் கிடந்திருக்கலாம், தூரம் குறையும். ‘ரீஃபர்பிஷ்ட்’ என்று புதிதுபோல் மின்னுவதை விட, வெறுமனே கழுவி விற்கும் பந்தே எனக்கு நம்பகமானதாகப் படுகிறது. முன்னது பெரும்பாலும் மேலே பெயின்ட் அடித்தது. பந்தைப் பறக்க வைப்பதே அந்தக் குழிகள்தான், பெயின்ட் தடிமனாகப் படிந்தால் அவற்றின் ஆழம் மாறும். குழி வந்த கதையும் சுவாரசியமானது. 19-ம் நூற்றாண்டில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் வழவழப்பாகச் செய்த பந்தை விட, அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்து நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள் கவனித்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இன்றைய குழி.

கற்றுக்கொள்ளும் கட்டத்தில் டைட்லிஸ்ட் ப்ரோ வி1 மாதிரி யூரித்தேன் உறை போட்ட பந்து தேவையில்லை. கிரீன் அருகே அது தரும் கூடுதல் ஸ்பின்னைப் பயன்படுத்தத் தனித் திறமை வேண்டும். ரப்பர் உள்பாகமும் கெட்டியான உறையும் மட்டும் கொண்ட ‘டூ பீஸ்’ பந்து ஸ்பின் குறைவு, அதனால் பக்கவாட்டில் வளைவதும் குறைவு. சீக்கிரம் வெட்டுப்படாது, விலையும் கம்மி.

வாங்கியதும் வெந்நீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு ஊறவைத்துத் துடைத்து, ஒவ்வொன்றிலும் மார்க்கரால் உங்கள் அடையாளத்தைப் போடுங்க. மொத்தமாக வாங்கிய பந்துகளில் பிரபல பிராண்டுதான் அதிகம் இருக்கும், கூட ஆடுபவரும் அதையே வைத்திருப்பார். ஸ்ட்ரோக் பிளேயில் தவறான பந்தை அடித்தால் 2 ஸ்ட்ரோக் அபராதம். அதோடு, உங்கள் சொந்தப் பந்தைத் தேட 3 நிமிடம்தான் அனுமதி.