பழைய சொகுசுக் காரும் கசியும் கூலண்ட் குழாயும்

நமது பெருநகரங்களின் பழைய கார் சந்தையில் ஒரு விந்தையைக் காண்கிறோம். ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன் 40 இலட்சம் ரூபாயை ஒட்டி விற்ற ஜெர்மானியச் சொகுசுக் கார், இன்று ஒரு புதிய சிறிய காரின் விலைக்கும் கீழே கிடைக்கிறது. தோல் இருக்கைகளும் ஆறு சிலிண்டர் எஞ்சினும் அப்படியே இருக்கின்றன. கதவை மூடும்போது எழும் கனத்த ஓசைகூட மாறவில்லை. தில்லித் தலைநகர் வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட வயது வரம்புகளின் காரணமாக அங்கிருந்து பிற மாநிலங்களுக்கு வரும் கார்களும் சேர்ந்து, இச்சந்தையில் தேர்வுக்குக் குறைவில்லாமல் செய்திருக்கின்றன. வாங்க விரும்பும் வாடிக்கையாளர் கடன் விண்ணப்பத்தோடு வங்கிக்கு வரும்போது மாதத் தவணையைக் கணக்கிட்டே வருகிறார். ஆனால், வண்டியின் விலை மட்டும்தான் இறங்கியிருக்கிறது. உதிரிபாகங்களின் விலையும் அவற்றைக் கழற்றிப் பூட்டும் கூலியும் அந்த 40 இலட்ச ரூபாய்க் காருக்கு உரியவையாகவே நீடிக்கின்றன. இவ்வுண்மை பெரும்பாலோருக்கு முதன்முதலில் விளங்குவது, கூலண்ட் ஹோஸ் எனப்படும் ஒரு ரப்பர்க் குழாய் கசியத் தொடங்கும் நாளில்தான்.

எஞ்சினுக்குள் எரிபொருள் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் கணிசமான பகுதியை ரேடியேட்டருக்குக் கொண்டு சேர்ப்பது கூலண்ட். நீரும் எத்திலீன் கிளைக்காலும் ஏறக்குறையச் சரிபாதியாகக் கலந்த இத்திரவம் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடிய அமைப்பில் அழுத்தம் கூடும்போது கொதிநிலையும் உயர்கிறது. வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் ஒரு பார் அழுத்தம் இருந்தால் அது 129 டிகிரியை எட்டுகிறது. ஆகவே கசிவு என்பது திரவத்தின் இழப்பு மட்டுமன்று. அழுத்தம் தங்காத அமைப்பில், மீதமுள்ள கூலண்டும் கொதிக்கக்கூடாத வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டாக, 2003 முதல் 2010 வரை உற்பத்தியான, இ60 என்று அழைக்கப்படும் பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ் காரை எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 மார்ச்சில் தொடங்கப்பட்ட ஆலையில் இவ்வகைக் கார்கள் பூட்டப்பட்டதால், இந்தியச் சாலைகளில் இன்றும் இவை கணிசமாகவே தென்படுகின்றன. இவற்றின் பெட்ரோல் வகைகளில் 2005க்குப் பின் வந்த என்52 எஞ்சின், எடை குறைய வேண்டும் என்பதற்காக அலுமினிய உட்பகுதியின் மேல் மெக்னீசியக் கலவையை வார்த்துச் செய்யப்பட்டது. எரிபொருள் சிக்கனத்திற்காக, சீரான ஓட்டத்தில் கூலண்டை 112 டிகிரி வரை சூடாக வைத்திருக்குமாறும் அமைத்திருக்கிறார்கள். பொறியியல் நோக்கில் பாராட்டுக்குரிய வடிவமைப்பு இது. வண்டி புதிதாக இருந்தபோது அதற்கான விலையைக் குழாய்கள் கேட்கவில்லை, இப்போது கேட்கின்றன.

குழாய்கள் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. அவற்றின் முனைகளிலோ, பழைய கார்களில் நாம் கண்ட இரும்புக் கிளாம்ப் கிடையாது. கம்பிக் கொக்கியால் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் இணைப்பும் அதனுள் ஒரு ஓ-ரிங்கும் உள்ளன. ஆலையில் ஒரு நொடியில் பூட்ட இது வசதி. ஆண்டுக்கணக்கில் வெந்து ஆறிய பிளாஸ்டிக் நெகிழ்வை இழக்கிறது. ஓ-ரிங் தட்டையாகி இறுகிப்போகிறது. ரப்பர் பெரும்பாலும் உட்புறத்திலிருந்து, அதிலும் முனைகளுக்கு அருகில், நுண்ணிய கீறல்களாக வெடிக்கத் தொடங்குவதால் வெளியிலிருந்து பார்த்தால் குழாய் நலமாகவே தோன்றும். எண்ணெய் பட்டாலும் இவ்வகை ரப்பர் ஊதிப் பஞ்சுபோல் ஆகிவிடும். இந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டர் பொருந்தியிருக்கும் பகுதியின் கேஸ்கெட் வயதானால் எண்ணெய் கசிவது பரவலாக அறியப்பட்ட குறை. அந்த எண்ணெய் சொட்டுமிடத்திலேயே குழாய்களும் இருக்கின்றன.

கசிவைக் கண்டுபிடிப்பதிலும் சொகுசுக் கார் நமக்கு உதவுவதில்லை. சிறிய காரில் காலையில் தரையில் ஒரு திட்டு தெரியும். இதிலோ எஞ்சினுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு முழுவதுமாக மூடியிருப்பதால் சொட்டும் திரவம் அதன்மேல் தேங்கிவிடுகிறது. சூடான உலோகத்தின் மீது விழுவது ஆவியாகிப் போய்விடுகிறது. இந்திய வெயிலில் ஏ.சி. ஓயாமல் ஓடுவதால் வண்டிக்கடியில் எப்போதும் சிறிது நீர் இருக்கும், கூலண்டையும் ஏ.சி. நீர் என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். ஏ.சி. நீருக்கு நிறமும் மணமும் இல்லை. கூலண்டுக்கு இனித்த வாடை உண்டு. விரலில் வழவழப்பாக ஒட்டும். காய்ந்தால் இணைப்புகளைச் சுற்றி வெண்மையாகவோ நீலமாகவோ படிவு விடும். இவை போதாதென்று, இந்த 5 சீரிஸ் காரின் கருவிப் பலகையில் கூலண்ட் வெப்பத்தைக் காட்டும் முள்ளே கிடையாது. முதலில் அளவு குறைந்ததாக ஒரு செய்தி, பிறகு மஞ்சள் விளக்கு, பிறகு சிவப்பு விளக்கு, அவ்வளவே. கூலண்ட் பெருமளவு வெளியேறிவிட்டால் வெப்ப உணரி திரவத்தில் மூழ்காமல் ஆவியில் நின்று, உண்மையான சூட்டைக் காட்டத் தவறவும் கூடும்.

பெங்களூரில் ஒரு தனிப் பணிமனையில் இத்தகைய வேலை ஒன்றை இரண்டு நாள் உடனிருந்து பார்த்தோம். வண்டி 2008ஆம் ஆண்டின் 530ஐ. உரிமையாளர் சிறு தொழில் நடத்துபவர். மூன்றாண்டுகளுக்கு முன் இரண்டாம் கையாக வாங்கியது. இரண்டு மாதத்தில் மூன்று முறை அளவு குறைந்த செய்தி வர, மூன்று முறையும் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளித்திருக்கிறார். மெக்கானிக் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, கூலண்ட் டேங்கின் வாயில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அழுத்தம் வரை காற்றேற்றினார். சில நிமிடங்களில் முள் இறங்கியது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் எஞ்சினோடு சேருமிடத்தில் நீலத் துளி ஒன்று திரண்டு நின்றது.

அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்பது உரிமையாளரின் கேள்வி. நியாயமான கேள்விதான், ஒவ்வொரு குழாயும் சில ஆயிரம் ரூபாய். மெக்கானிக் பதில் சொல்லவில்லை. கழற்றிய ஹோஸின் பிளாஸ்டிக் முனையை இரு விரலால் அழுத்தினார். அது பிஸ்கட்டைப்போல் நொறுங்கியது. அடுத்து, அடியில் பம்புக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் இடையிலுள்ள குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். எண்ணெயில் ஊறி மெத்தென்று இருந்தது. "எல்லாம் ஒரே நாள்ல பொறந்தது சார், ஒண்ணு போச்சுன்னா மத்தது வரிசையில நிக்குதுன்னு அர்த்தம்" என்றார். உரிமையாளர் சற்று நேரம் வண்டியையே பார்த்திருந்துவிட்டு முழுத் தொகுப்புக்கும் ஒப்புக்கொண்டார்.

அம்முடிவு சரியானது என்றே நாமும் கருதுகிறோம். கூலண்டை இறக்குவது, அடித்தட்டைக் கழற்றுவது, விசிறிக் கூட்டை எடுப்பது ஆகியவற்றுக்கான உழைப்பு, ஒரு குழாய்க்கும் ஏழு குழாய்க்கும் பெரிதாக வேறுபடுவதில்லை. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், டேங்குக்குச் செல்வது, ஹீட்டருக்குப் போவதும் வருவதும், பம்பையொட்டியவை என அனைத்தையும் ஒரே முறையில் மாற்றிவிட்டால் இரண்டாவது கூலி மிச்சம். பழைய பிளாஸ்டிக் டேங்கையும் அதன் மூடியையும் அப்போதே மாற்றுவது நல்லது. கேஸ்கெட்டை மாற்றாமல் புதுக் குழாய் போடுவதில் பொருளில்லை. எண்ணெய் அதையும் கெடுக்கும். மின்சாரத்தால் இயங்கும் வாட்டர் பம்ப் எப்போதோ மாற்றப்பட்டதா என்று பழைய பில்களில் தேட வேண்டும். சான்று கிடைக்காவிட்டால் அதையும் இப்போதே சேர்த்துவிடலாம். பம்பைப் பிடித்திருக்கும் அலுமினிய போல்ட்டுகள் ஒருமுறைக்கு மட்டுமே உரியவை. கழற்றியவற்றை மீண்டும் முறுக்கும் பணிமனையில் வண்டியை விடாதிருப்பதே மேல்.

உதிரிபாகம் வாங்குமிடத்திலும் கவனம் வேண்டும். தில்லியின் காஷ்மீரி கேட், பெங்களூரின் ஜே.சி. ரோடு, சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற சந்தைகளில் ஒரே குழாய் பல விலையில் கிடைக்கும். வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வருவது ஒரு விலை. வண்டி நிறுவனங்களுக்குச் செய்து தரும் நிறுவனங்களே தம் பெயரில் விற்பது அதனினும் குறைந்த விலை. இந்த இரண்டாம் வகை பெரும்பாலும் போதுமானது. உடைத்த வண்டியிலிருந்து எடுத்த குழாயை மட்டும் எவ்விலைக்கும் வாங்கலாகாது. அது நம் வண்டியின் குழாயை ஒத்த வயதுடையது. கசிவை அடைக்கும் பொடிகளும் பசைகளும் கசிவோடு நில்லாமல் ஹீட்டரின் நுண்குழாய்களையும் அடைக்கக்கூடியவை. சூடு ஏறுகிறது என்பதற்காகத் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியும் சாலையோர வைத்தியமும் இவ்வகை எஞ்சினுக்கு ஏற்றதன்று.

புதிய கூலண்டை வண்டிக் கையேட்டில் சொன்ன வகையிலேயே நிரப்ப வேண்டும். நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்றாகிவிடாது. அடர்த்தியாக விற்கப்படுவதைக் கலக்க டிஸ்டில்டு வாட்டர் போதும். பேட்டரிக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படிந்துவிடும்.

நிரப்பியபின் காற்றை வெளியேற்றும் முறை எங்களுக்குப் புதுமையாக இருந்தது. எஞ்சினை இயக்கவே இல்லை. பேட்டரி சார்ஜரை இணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, முகப்பு விளக்கை ஏற்றி, ஹீட்டரை உச்ச வெப்பத்திலும் விசிறியைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்சிலரேட்டரை அடிவரை 10 நொடி மிதித்தார் மெக்கானிக். மின்சாரப் பம்ப் தானாகவே ஓடத் தொடங்கி ஏறக்குறைய 12 நிமிடம் கூலண்டைச் சுழற்றி, சிக்கிய காற்றைத் தள்ளியது. இந்த முறையை அறியாதவர் கையில் வண்டியைக் கொடுத்தால் புதுக் குழாய்கள் இருந்தும் காற்றுக்குமிழியால் எஞ்சின் சூடேறக்கூடும். பணிமனையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை ஒரு கேள்வியாகவே கேட்டுவிடலாம்.

இவ்வளவு செலவையும் காப்பீடு ஏற்காதா என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. ஏற்காது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் மோட்டார் காப்பீட்டின் பொது விலக்குகளில் உள்ளவை. விபத்தில் ரேடியேட்டர் நொறுங்கிக் குழாயும் கிழிந்தால் இழப்பீடு உண்டு. ஆயினும் வழக்கமான பாலிசியில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் உறுப்புகளுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். அதைத் தவிர்க்கும் கூடுதல் காப்புகள் பெரும்பாலும் வயது குறைந்த வண்டிகளுக்கே கிடைக்கின்றன. வண்டியின் காப்பீட்டு மதிப்புக்கும் ஐந்தாண்டு வரைதான் அட்டவணை. அதற்குமேல் நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே. பலர் கவனிக்காத நிபந்தனை ஒன்றும் உண்டு: விபத்துக்கோ கோளாறுக்கோ பின், பழுது பார்க்காமல் வண்டியை ஓட்டினால் அதனால் பெருகும் சேதம் உரிமையாளரின் பொறுப்பு. சிவப்பு விளக்கு எரிந்தபின் வீடுவரை மெல்லப் போய்விடலாம் என்று எண்ணுவோர் இந்த வரியைப் படித்துவைப்பது நலம். அந்த சில கிலோமீட்டரில் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடலாம். மெக்னீசியக் கலவை எஞ்சினைச் சீரமைப்பது கடினமாதலால், பெரும்பாலும் வேறொரு பழைய எஞ்சினைத் தேடிப் பொருத்துவதில்தான் போய் முடியும். அச்செலவு வண்டியின் இன்றைய விலையையே தொட்டுவிடக்கூடும். கடன் தவணையோ நிற்காது.

எனவே இவ்வகைக் காருக்குக் கடன் கேட்கும் வாடிக்கையாளரிடம் நாம் சொல்வது: விலையின் முழு அளவுக்கும் கையிருப்பைக் கரைத்துவிடாதீர்கள். வாங்கிய மாதத்திலேயே வண்டிக்கென்று ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி, முதலாண்டிலேயே குளிரூட்டும் அமைப்பு முழுவதையும் மாற்றும் செலவை எதிர்பார்த்திருங்கள். அதற்கும் முன்பாக, விலை பேசுமுன் குளிர்ந்த எஞ்சினில் அழுத்தச் சோதனை செய்துபார்க்க விற்பவர் உடன்படுகிறாரா என்று கேளுங்கள். அரைமணி நேர வேலை அது. மறுப்பவரிடம் மேலே பேச வேண்டியதில்லை. பழைய உரிமையாளர் குழாய்களையும் பம்பையும் மாற்றியதற்கு உதிரிபாக எண்ணோடு பில் வைத்திருந்தால் அவ்வண்டிக்குச் சற்றுக் கூடுதலாகவே தரலாம்.

சாலையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, இழுவை வண்டியை அழையுங்கள். டேங்கின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். அழுத்தம் விலகிய நொடியில் உள்ளிருக்கும் திரவம் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்கும் அளவுக்கு ஆறிய பின்னரே மூடியைத் தொடலாம்.

பெங்களூர் வண்டியில் வேலை முடிந்த மறுநாள் காலை, குளிர்ந்த நிலையில் அளவைப் பார்த்து ஒரு சிறு குவளை கூலண்ட் சேர்த்தார்கள். அதற்கடுத்த நாள் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. இறக்கிய பழைய கூலண்டை அந்த மெக்கானிக் சாக்கடையில் ஊற்றாமல் கேன்களில் அடைத்து மூடி, உயரமான அலமாரியில் வைத்ததையும் கவனித்தோம். எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, நஞ்சும்கூட. வீட்டு வாசலில் வண்டியைக் கழுவும்போது அடியில் நீலத் திட்டு தெரிந்தால், குழந்தையோ தெருநாயோ அதை நெருங்குமுன் நிறைய நீர் விட்டுக் கழுவிவிடுங்கள். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.