இராசவள்ளிக்கு இரவு வேணும்

கனநாளாய் இந்தப் பக்கம் வரேல்லை. பரீட்சை, பகுதிநேர வேலை எண்டு ஓடிப்போச்சு. இண்டைக்கு ஒரு கிழங்குக் கதை.

நான் அறை எடுத்து இருக்கிறது ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில். வீட்டுக்கார அன்ரி எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில இருந்து வந்தவ. கீழ்மாடி எண்டபடியால் பின்பக்கம் பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு துண்டு நிலம். அதில வருசா வருசம் ஒரு பெரிய சாடியில் இராசவள்ளி வைப்பா. தமிழ்க்கடையில் வாங்கின கிழங்கை வெட்டி, ஹீற்றருக்குப் பக்கத்தில் முளைக்க வைச்சு, யூனில் வெளியில கொண்டுபோய் வைப்பா. கொடி நல்லாத்தான் ஓடும். ஒக்டோபரில் கிண்டிப் பார்த்தால் வெறும் வேர். கூடினால் சுண்டுவிரல் அளவில ஒண்டு.

"என்ர கைராசி ஊரோட போட்டுது தம்பி" எண்டுவா. சிரிச்சுக்கொண்டுதான் சொல்லுவா. ஆனால் அண்டைக்கு முழுக்க அதிகம் கதைக்கமாட்டா.

நான் படிக்கிறது தாவரவியல். மானப்பிரச்சினையாப் போச்சு பாருங்கோ! தேடிப் பார்த்தால் பிழை கையில இல்லை, வானத்தில.

இராசவள்ளியின் இலைகள் இரவின் நீளத்தை அளக்கின்றன. பகல் நீண்டிருந்தால் கொடியும் இலையும்தான் வளரும். இரவு நீளத் தொடங்கினால்தான் "இனிக் கிழங்கில் சேமி" எண்டு செய்தி கீழே போகும். யாழ்ப்பாணத்தில் பகல் வருசம் முழுக்க கிட்டத்தட்ட 11½ மணித்தியாலத்துக்கும் 12¾ மணித்தியாலத்துக்கும் இடையில்தான். ஒஸ்லோவில் யூன் மாதப் பகல் ஏறத்தாழ 19 மணித்தியாலம்! அது 12க்குக் கீழே இறங்க செப்டெம்பர் கடைசி ஆகும். அதுக்குப் பிறகு உறைபனி வந்து கொடியைக் கருக்கிப்போடும். பாவம், கிழங்கு வைக்க அதுக்கு நேரமே இல்லை.

அண்டீஸ் மலையின் ஒக்கா, உல்லுக்கோ கிழங்குகளை இங்கே வளர்க்கிற ஆக்களுக்கும் இதே தலையிடிதான். உருளைக்கிழங்கும் அங்கயிருந்து வந்ததுதானே? ஆதியில அதுவும் நீண்ட இரவு கேட்ட பயிர்தான். நீண்ட பகலிலும் கிழங்கு வைக்கிற வகைகளைத் தெரிவுசெய்து தெரிவுசெய்துதான் ஐரோப்பாவில் அது ஊன்றியது. நோர்வேயில் அதைப் பரப்பினதில் பாதிரிமாருக்குப் பெரிய பங்கு. ஹெர்ட்ஸ்பெர்க் எண்ட பாதிரியார் 1763இல் விவசாயிகளுக்காக உருளைக்கிழங்கு பற்றிப் புத்தகமே எழுதினார். இண்டைக்கு அது இல்லாமல் நோர்வேக்காரருக்குச் சாப்பாடு இறங்காது.

சரி, நாங்கள் செய்தது இதுதான். ஓகஸ்ட் தொடக்கத்திலிருந்து பின்னேரம் ஆறு மணிக்குச் சாடியைச் சாமான் அறைக்குள் தூக்கி வைச்சு, காலை ஏழு மணிக்கு வெளியே எடுத்தோம். செயற்கையாய் 13 மணித்தியால இரவு. அறையில் லைற் போடத் தடை. மின்வெளிச்சமும் செடியை ஏமாத்திப்போடும். இரவுக் குளிரும் படேல்லை, அதுவும் நல்லதாப் போச்சு. செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து பகலில் யன்னலோரம். என்ர முதுகு போனது தனிக்கதை :-)

ஒக்டோபர் கடைசியில் அன்ரி சாடியைக் கவிழ்த்தா. உள்ளங்கை அளவில ஒரு கிழங்கு, 180 கிராம். ஊர்க்கிழங்குக்கு முன்னால இது தூசு. வெட்டினால் அதே ஊதா. தலைப்பக்கத்தை வாறவருசத்துக்கு எண்டு எடுத்து வைச்சிட்டு, மிச்சத்தில் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் கஞ்சி காய்ச்சினா. மூண்டு சின்னக் கோப்பைதான் வந்தது.

குடிச்சு முடிச்சிட்டு அன்ரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "அப்ப, இவ்வளவு வருசமும் என்ர கையில பிழை இல்லையோ தம்பி?" எண்டு கேட்டா.

இல்லை எண்டு சொன்னன்.

இவ்வளவு மினக்கெட ஏலாத ஆக்கள் யோர்ட்ஸ்கொக் நடுங்கோ. சூரியகாந்திக்குச் சொந்தம், வட அமெரிக்கக் கிழங்கு, மண்ணுக்குள் பனியையும் தாங்கும். ஒண்டு மட்டும்: வாயுத்தொல்லை பொல்லாதது. விருந்தாளிக்குக் குடுக்கமுதல் யோசியுங்கோ!

கனடா, லண்டன் பக்கம் ஆரும் இராசவள்ளி வைச்சுப் பார்த்தனீங்களோ? எழுதுங்கோ, அன்ரிக்கு வாசிச்சுக் காட்டவேணும்.