ஆற்றுப்படை மரபும் வட்டார இதழியலும்: சென்னை நகர இசைப் பண்பாட்டுப் பதிவை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நகரத்தின் இசை, கலை, பொதுவாழ்வு ஆகியவற்றில் ஈடுபட்டோரைப் பாராட்டி எழுதும் வட்டார இதழியல் பெரும்பாலும் விளம்பரத்தை ஒட்டிய எழுத்தாகவே கருதப்படுகிறது. அவ்வெழுத்து தமிழ் இலக்கிய மரபிலுள்ள ஆற்றுப்படை, நகர் வருணனை ஆகியவற்றோடு செயற்பாட்டளவில் ஒப்புமை உடையது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நாளடைவில் அது நகரத்தின் கலை வரலாற்றுக்கு முதன்மைச் சான்றாக மாறுவதையும், அவ்வாறு மாறும்போது யார் இடம்பெறுகின்றனர், யார் விடுபடுகின்றனர் என்பது ஆய்வுச் சிக்கலாவதையும் சென்னை நகரத்தை முன்வைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வட்டார இதழியல், ஆற்றுப்படை, சென்னை, மார்கழி இசைவிழா, கானா, கலை ஆவணம்.

1. முன்னுரை

சென்னை 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வலையமைப்பில் இசைப் பிரிவின்கீழ்ச் சேர்க்கப்பட்டது. ஒரு நகரம் இசை நகரம் எனப் பெயர்பெறுவதற்கு இசைவாணரும் அரங்குகளும் மட்டும் போதா. இன்ன இடத்தில் இன்னார் பாடினார், இத்தனை பேர் கேட்டனர், கேட்டோர் இவ்வாறு மதித்தனர் என்னும் செய்திகள் இடைவிடாமல் எழுதப்பட்டு வந்திருத்தல் வேண்டும். கச்சேரி முடிந்தவுடன் இசை காற்றில் கலந்துவிடுகிறது. எஞ்சுவது அதைப்பற்றிய எழுத்தே. அவ்வெழுத்தின் பெரும்பகுதி நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் ஒரு வட்டாரத்துக்கென்றே வெளிவரும் சிறு ஏடுகளிலும் அமைந்துள்ளது. படித்து முடித்த மறுநாளே பழந்தாளாகிவிடும் இவ்வெழுத்தை ஆய்வுலகம் எவ்வாறு அணுகுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

2. புகழ்தலின் மரபு

நகரத்தையும் அதன் கலைஞரையும் புகழ்தல் தமிழுக்குப் புதிதன்று. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோரை ஆற்றுப்படுத்துதலைத் தொல்காப்பியப் புறத்திணையியல் சுட்டுகிறது. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனுக்கு வழியும் ஊரும் வள்ளலின் இயல்பும் எடுத்துரைப்பதே ஆற்றுப்படை. இதில் புகழ்ச்சி உண்டு. எனினும் அப்புகழ்ச்சிக்குப் பயன் உண்டு. கேட்பவன் அதை நம்பி நடக்க வேண்டியிருத்தலால், வழி பிழையாயின் பாட்டும் பிழையாகும்.

வட்டார இதழ் இவ்வமைப்பைத் திசைமாற்றிக் கையாள்கிறது. அங்குக் கலைஞன் கலைஞனைப் புரவலனிடம் ஆற்றுப்படுத்தினான். இங்குக் கேட்டறிந்த ஒருவர் கேளாத பலரைக் கலைஞரிடம் ஆற்றுப்படுத்துகிறார். புரவலன் இருந்த இடத்தில் இப்போது அவையோர் உள்ளனர். நிகழ்ச்சியின் நாள், நேரம், தெரு, அரங்கு ஆகியவற்றைக் கூறும் சிறு அறிவிப்பும் இவ்வகையில் ஆற்றுப்படையின் ஒரு கூறேயாகும்.

நகர் வருணனையிலும் இத்தகைய ஒப்புமை காணப்படுகிறது. மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைப்பினும், அதன் நோக்கம் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்துதலாகும். நகரத்தைப் புகழும் பாட்டு அதன் தலைவனுக்கு அறிவுரையும் கூறலாம் என்பதற்கு இது சான்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை மருவூர்ப்பாக்கத்தின் வணிகரையும் கைவினைஞரையும் கூறும் வரிசையிலேயே பெரும்பாணர் குடியிருப்பையும் வைக்கிறது. இசைவாணர் அங்கு நகர மக்களுள் ஒரு பகுதியினராகவே காட்டப்பெறுகின்றனர்.

இம்மரபில் ஓர் இடைவெளியும் உண்டு. அரங்கேற்றுகாதை ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை நுணுக்கமாக விரித்துரைக்கிறது. அவர்தம் பெயர்களைக் கூறவில்லை. இதற்கு நேர்மாறாக, முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர், வந்த ஊர், குடியிருந்த தெரு, வீட்டின் வரிசை எண் ஆகியவற்றைத் தருகிறது; அவர்தம் கலைத்திறன் பற்றி ஒன்றும் உரைக்கவில்லை. ஒன்றில் திறன் உண்டு, பெயர் இல்லை. மற்றொன்றில் பெயர் உண்டு, திறன் இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே தரவல்ல வாய்ப்பு அச்சு இதழுக்கே கிட்டியது. அவ்வாய்ப்பை அது எவ்வளவு பயன்கொண்டது என்பது தனியே ஆராயத்தக்கது.

3. அச்சிதழ்களும் மேடை இசையும்

1927ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய இந்திய தேசிய காங்கிரசு மாநாட்டை ஒட்டி அனைத்திந்திய இசை மாநாடு நடைபெற்றது. அதன் விளைவாக உருவான சென்னை சங்கீத வித்வத் சபை 1928ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. டிசம்பர் மாதத்தை ஒட்டிய இசைவிழா நகரத்தின் ஆண்டு நிகழ்வாக வளர்ந்தபோது, அதைப்பற்றி எழுதுதலும் இதழ்களின் ஆண்டுப் பணியாயிற்று.

இதழ்கள் நிகழ்ந்ததை அறிவிப்பதோடு நின்றுவிடவில்லை. 1932ஆம் ஆண்டின் இறுதியில் சதிராட்டம் குறித்து முத்துலட்சுமி ரெட்டியும் இ. கிருஷ்ண ஐயரும் நடத்திய கருத்துப்போர் நாளிதழ்களில் வெளியான கடிதங்கள் வழியாகவே நகர மக்களைச் சென்றடைந்தது. ஒரு கலையின் எதிர்காலம் அரங்கில் மட்டுமன்றி அச்சுத்தாளிலும் வழக்காடப்பட்டது. ஆயின் அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த பெண்டிரின் பெயர்களைவிட, அவர்களைப் பற்றி வழக்காடியோரின் பெயர்களே இன்று பரவலாக நினைக்கப்படுகின்றன.

தமிழில் இசைத் திறனாய்வைப் பொதுவாசகர்க்கு உரியதாக்கியவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954). ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் அவர் எழுதிய ‘ஆடல் பாடல்’ பகுதி, இராக இலக்கணம் அறியாதவரும் படித்துச் சுவைக்கும் நடையில் அமைந்தது. அவர் 1941இல் தொடங்கிய கல்கி இதழ் தமிழிசை இயக்கத்துக்கு உறுதுணையாக நின்றது. அதே ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியதும், 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டதும் இங்கு இணைத்து நோக்கத்தக்கவை. எந்த மொழியில் பாடப்படுதல் வேண்டும் என்னும் வினாவை வித்துவான்களின் அவையிலிருந்து வாசகரின் திண்ணைக்குக் கொண்டுசேர்த்தவை இதழ்களே.

4. வட்டார ஏட்டின் இயங்குமுறை

பெருந்திரள் இதழ்கள் தமிழ்நாடு முழுவதையும் நோக்கி எழுதின. ஒரு பகுதியின் நாலைந்து தெருக்களையே உலகமாகக் கொண்ட ஏடுகள் பின்னர்ப் பெருகின. எஸ். முத்தையா (1930–2019) 1991இல் தொடங்கிய ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ நகரத்தின் மரபுச் சின்னங்களையும் மனிதர்களையும் தொடர்ந்து எழுதியது. அதே பத்தாண்டில் தோன்றிய ‘மயிலாப்பூர் டைம்ஸ்’ ஒரு வட்டாரத்துக்கென்றே அமைந்த இலவச வார ஏடு. 2004 முதல் ஆகஸ்டு 22ஆம் நாளை ஒட்டிச் ‘சென்னை நாள்’ கொண்டாடப்படுதற்கு முன்னின்றோருள் இவ்விரு ஏடுகளைச் சார்ந்த இதழாளரும் அடங்குவர். நகரத்தைப் பற்றி எழுதியோரே நகரத்துக்கு விழாவும் எடுத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இலவச ஏட்டின் பொருளியல் அதன் உள்ளடக்கத்தை வரையறுக்கிறது. வாசகர் விலை கொடுப்பதில்லை; கடைக்காரரும் பள்ளியும் திருமண மண்டபமும் தரும் விளம்பரமே ஏட்டைத் தாங்குகிறது. இதனால் இரு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவது, பெரிய நாளிதழ் பொருட்படுத்தாத தெருமுனைப் பசனையும் பள்ளி ஆண்டுவிழாவும் ஓய்வுபெற்ற இசையாசிரியரும் ஏட்டில் இடம்பெறுகின்றனர். இரண்டாவது, விளம்பரம் தருவோரும் செய்திக்கு உரியோரும் அண்டை வீட்டாராகவே இருத்தலால் கடுமையான மதிப்பீடு அரிதாகிறது. பாராட்டு மிகுதலுக்கு எழுதுவோரின் இயல்பைவிட இவ்வமைப்பே பெரிதும் காரணமாகும்.

5. செய்தி சான்றாதல்

வீணை தனம்மாள் (1867–1938) சார்ச்சு டவுன் பகுதியிலிருந்த தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததும், பாபநாசம் சிவன் (1890–1973) மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் பசனை நடத்தியதும் சென்னை இசை வரலாற்றில் நிலைபெற்ற செய்திகள். இவை நுழைவுச்சீட்டு விற்ற அரங்குகளில் நிகழ்ந்தவை அல்ல. ஒரு வீடும் ஒரு வீதியும் இசைக்களமாக விளங்கியதற்கான எடுத்துக்காட்டுகள். நேரிற் கேட்டோர் நினைந்து உரைத்ததும் எழுதியதும் இல்லையாயின், இவ்விரு களங்களும் வரலாற்றில் இடம்பெற்றிரா.

அவ்வாறே இன்றைய வட்டாரச் செய்தியும் பிற்காலச் சான்றாகும். பேராசிரியர் வே. இராகவன் பதிப்பித்த ‘சர்வதேவ விலாசம்’ என்னும் வடமொழி நூல், ஏறத்தாழ 1800ஆம் ஆண்டுச் சென்னையின் புரவலர்களையும் இசைவாணரையும் ஆடல் மகளிரையும் அறிதற்கு இன்று அரிய சான்றாக விளங்குகிறது. அதுவும் தன் காலத்தில் செல்வரைப் புகழ்ந்த நூலே. அப்புகழ்ச்சியை நீக்கி நோக்குவார்க்கு இடப்பெயரும் ஆட்பெயரும் கலைத்தொடர்பும் எஞ்சுகின்றன. பாராட்டெழுத்தை ஆய்வாளர் ஒதுக்கிவிடலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

6. விடுபடுவோர்

பதிவின் சிறப்பைப் பேசும்போதே அதன் விடுபாட்டையும் பேசுதல் வேண்டும். அரங்கு, அழைப்பிதழ், முன்னறிவிப்பு ஆகியன உடைய நிகழ்ச்சி எளிதில் செய்தியாகிறது. வடசென்னையின் கானா இவற்றுள் ஒன்றையும் சாராதது. இறந்தவர் வீட்டின்முன் இரவு முழுவதும் பாடப்பெறும் கானா, அவர் வாழ்வையும் உறவையும் உழைப்பையும் பாட்டிலேயே தொகுத்துரைக்கிறது. சாவுக்கு அழைப்பிதழ் அச்சிடுவாரில்லை. ஆதலின் செய்தியாளர் அங்கு வருவதுமில்லை. ஒரு வட்டாரத்தின் எளிய மனிதருக்கு இரங்கற்குறிப்பு எழுதும் பணியைக் கானாப் பாடகரே செய்துவந்தார் எனலாம். அவர் பணி வட்டார இதழாளரின் பணியோடு ஒத்தது. அச்சேறவில்லை என்பதே வேறுபாடு.

கானா பொதுக்கவனம் பெற்றது பெரும்பாலும் திரைப்படத்தின் வழியாகவே. 2006இல் வெளியான ‘சித்திரம் பேசுதடி’ படப்பாடலால் கானா உலகநாதன் தமிழகம் முழுவதும் அறியப்பட்டார். 2018 சனவரியில் சென்னையில் அரங்கேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவைச் சாதி எதிர்ப்பின் குரலாக மேடையேற்றியது. 2015 முதல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் நடைபெற்ற கலைவிழா, மீனவர் குடியிருப்பைச் செவ்வியல் இசைக்கும் பறைக்கும் பொதுவான களமாக்கியது. மேடை கிடைத்தவுடன் செய்தியும் கிடைத்தது. இதனால் பெறப்படுவது, விடுபாடு கலையின் தரத்தால் நேர்ந்ததன்று, செய்தி திரட்டும் முறையால் நேர்ந்தது என்பதாம்.

கோயில் நாதசுவரக் கலைஞரின் நிலையும் இத்தகையதே. இறைவன் திருவீதி எழுந்தருளும்போது மல்லாரி வாசிக்கப்படுகிறது. வாகனமும் அலங்காரமும் செய்தியில் முதலிடம் பெறுதலின், வாசித்தவர் பெயரும் தவில் கலைஞர் பெயரும் எளிதில் விடுபட்டுப்போகின்றன. சபை மேடையில் பாடியவரின் பெயரின்றிக் கச்சேரிச் செய்தி எழுதுவார் இல்லை என்பதோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

மொழியும் ஒரு தடையாகிறது. மேலே சுட்டிய இரு சென்னை ஏடுகளும் ஆங்கிலத்தில் வெளிவருபவை. தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே படித்துச் சரிபார்க்க இயலாத கலைஞர், அப்பதிவின் பொருளாவாரேயன்றி அதற்கு உரிமையுடையவராகார்.

7. பாராட்டும் மதிப்பீடும்

பாராட்டு மதிப்பீட்டுக்குப் பகையன்று. கல்கியின் எழுத்திலும், ‘சுப்புடு’ என அறியப்பட்ட பி.வி. சுப்ரமணியத்தின் (1917–2007) எழுத்திலும் நகைச்சுவையும் கண்டனமும் கலந்திருந்தன; வாசகர் அவற்றை விரும்பிப் படித்தனர். குறை கூறத் தெரிந்தவர் என்று அறியப்பட்டவரின் பாராட்டுக்கே மதிப்பு மிகுதி. வட்டார ஏடு அத்தகைய கண்டனத்தை எழுத இயலாதாயினும், பாராட்டுக்குக் காரணம் கூற இயலும். ‘சிறப்பாகப் பாடினார்’ என்னும் தொடர் பிற்கால ஆய்வாளர்க்கு ஒன்றும் தருவதில்லை. யாரிடம் கற்றார், எந்த உருப்படியைப் பாடினார், பக்கம் வாசித்தோர் யாவர், எந்தத் தெருவில் எவர் ஆதரவில் நிகழ்ந்தது என்னும் ஐந்து செய்திகளைத் தரும் நான்கு வரிக் குறிப்பு, ஒரு பக்கப் புகழுரையினும் பயனுடையது.

8. முடிவுரை

வட்டார இதழியல் நகரக் கலையை அறிவிக்கிறது, பாராட்டுகிறது, பின்னர் அதன் வரலாற்றுச் சான்றாகவும் நிலைக்கிறது. முதலிரண்டும் எழுதுவோர் கருதிச் செய்பவை. மூன்றாவது அவர் கருதாமலே நிகழ்வது. ஆதலின் இவ்வேடுகளைக் காத்தலும் ஆராய்தலும் தமிழ்த்துறைகளின் கடமையாகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டிய நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளுமே 1994இல் சென்னையில் உருவான ஆய்வு நூலகத்துக்கு அடித்தளமாயின. அவற்றுட் பல, பிறர் காக்கத் தக்கன எனக் கருதாதவை.

இரு பணிகள் உடனடியாக மேற்கொள்ளத்தக்கன. ஒவ்வொரு தமிழ்த்துறையும் தான் அமைந்துள்ள நகரத்தின் வட்டார ஏடுகளைத் தொகுத்து, அவற்றிலுள்ள கலைஞர் பெயர்களுக்கு அகரவரிசை அமைக்கலாம். அச்சேறாத கானாப் பாடகர், நாதசுவரக் கலைஞர், பறையிசைஞர் ஆகியோரின் வாய்மொழி வரலாற்றை மாணவர் வழிப் பதிவுசெய்து அப்பட்டியலோடு இணைக்கலாம். அரங்கேற்றுகாதை திறனைக் காத்தது. தஞ்சைக் கல்வெட்டு பெயரைக் காத்தது. திறனும் பெயரும் ஒருங்கே காக்கப்படும்போதுதான் இசை நகரம் என்னும் பட்டம் அந்நகரில் இசைத்தோர் அனைவர்க்கும் உரியதாகும்.