பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றே

மயூர் விஹாரில் குடியிருக்கும் தமிழ்க் குமாஸ்தாக்கள் பலர் ஊரில் தமிழில் கணக்குப் படித்தவர்கள். ‘இருபடிச் சமன்பாடு’, ‘காரணிப்படுத்துதல்’ என்றால் இன்றும் நினைவுக்கு வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளையோ ‘குவாட்ராட்டிக் ஈக்வேஷன்’ என்கிறது. இந்தி வழியில் படிப்பது ‘த்விகாத் சமீகரண்’ என்கிறது. டில்லித் தமிழ்ப் பள்ளிகளிலும் தமிழ் ஒரு பாடம்தான். கணக்கு தமிழில் நடப்பதில்லை. தகப்பனார் நைசாக நகர்ந்துகொள்கிறார். டியூஷனுக்குப் பணம் போகிறது.

நகர வேண்டியதே இல்லை. ஓர் அறையின் நீளம் அகலத்தைவிட 3 அடி அதிகம். பரப்பு 180 சதுர அடி. அகலம் என்ன? பிள்ளை ‘எக்ஸ்’ என்று எழுதுவதை ‘அ’ என்று வைத்துக்கொள்வோம். அ(அ + 3) = 180. இங்கேதான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள்; அ = 180 என்று எழுதிவிடுகிறார்கள். பெருக்கினால் 180 வரும் ஜோடிகள் எத்தனையோ! பெருக்குத்தொகை பூஜ்யமானால் மட்டுமே இரண்டில் ஒன்று பூஜ்யம் என்று சொல்ல முடியும். ஆகவே 180ஐ இடப்புறம் கொண்டுவர வேண்டும்.

அ² + 3அ – 180 = 0. பெருக்கினால் –180, கூட்டினால் 3 வரும் எண்கள் 15, –12. ஆக, (அ + 15)(அ – 12) = 0. விடைகள் –15, 12. மைனஸ் 15 அடியில் அறை கிடையாது, டில்லியில்கூட! அகலம் 12 அடி, நீளம் 15 அடி.

முன்னால் ஓர் எண் நின்றாலும் வழி அதேதான். 2அ² + 7அ + 3 என்றால் 2ஐயும் 3ஐயும் பெருக்கி 6. பெருக்கினால் 6, கூட்டினால் 7 வருபவை 6, 1. நடு உறுப்பை 6அ + அ என்று பிரித்தால் (2அ + 1)(அ + 3) கிடைக்கும்.

அ² + 3அ – 1 = 0 போன்றவை இப்படி முழு எண்களில் பிரியாது. அதற்குத்தான் சூத்திரம். வட இந்தியப் பிள்ளைகள் இதை ‘ஸ்ரீதராசாரியர் சூத்திரம்’ என்றே சொல்வார்கள். அவருடைய பீஜகணித நூல் கிடைக்கவில்லை; 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் எடுத்துச் சொன்னதால் முறை தப்பிப் பிழைத்தது. நாலால் பெருக்கு: 4அ² + 12அ = 4. இருபுறமும் 9 கூட்டு: (2அ + 3)² = 13. மீதி வர்க்கமூலம் எடுப்பதுதான்; அதைப் பிள்ளையே போட்டுவிடும்.