வார்டில் முதல் நாள்



ஆண்டுதோறும் இறையியல் கல்லூரியிலிருந்து ஓரிரு மாணவர்கள் சில வாரப் பயிற்சிக்காக நமது மருத்துவமனைக்கு வருகிறார்கள். "டாக்டருக்குப் படிப்பவர் வார்டில் பழகுவது சரி. போதகராகப் போகிறவருக்கு அங்கே என்ன வேலை, ஐயா?" என்று சபைகளில் உங்களில் பலர் எங்களிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகவே இம்மாதம் இதை எழுதுகிறோம்.

இப்பயிற்சி எப்படி வந்தது?

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். மாணவர் நாலரை ஆண்டு படித்துத் தேர்வில் தேறினாலும், ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியை முடிக்காமல் முழுமையான மருத்துவராகப் பதிவு பெற முடியாது. புத்தகம் மட்டும் வைத்தியரை உருவாக்காது என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மை. அப்படியானால் ஆத்துமாக்களைக் கவனிக்கப் போகிறவருக்கும் அது பொருந்தாதா? இக்கேள்வியை 1925இல் எழுப்பியவர் ஒரு போதகர் அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் ரிச்சர்ட் காபட். இறையியல் படிப்பிலும் ஓர் ஆண்டு இத்தகைய பயிற்சி வேண்டும் என்று அவர் எழுதினார்.

அதே ஆண்டில் அதைச் செய்து காட்டியவர் ஆன்டன் பாய்சன் என்ற போதகர். இவர் 1920இல் தாமே மனநோயால் மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர். குணமான பின், 1924இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் சாப்ளினாகச் சேர்ந்தார். மறு ஆண்டு கோடையில் இறையியல் மாணவர் சிலரை அழைத்து, பிரசங்கம் செய்ய அல்ல, வார்டு உதவியாளர்களாக வேலை செய்ய வைத்தார். நூல்களைக் கற்பதுபோலத் துன்பப்படுகிற மனிதரையும் பொறுமையாகக் கற்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்த விதைதான் இன்று பல நாடுகளில் வேரூன்றியிருக்கிறது.

எப்படி நடக்கிறது?

முறை எளிது. மாணவர் ஒரு நோயாளியைச் சந்திக்கிறார். அறைக்குத் திரும்பியதும், நோயாளி சொன்னதையும் தாம் சொன்னதையும் நினைவிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறார். மாலையில் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டுகிறார். "இந்த இடத்தில் ஏன் பேச்சை மாற்றினீர்கள்?" என்று நாங்கள் கேட்போம். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் பாடம்.

அண்மையில் வந்த ஒரு தம்பியின் முதல் நாளைச் சொல்லுகிறோம். ஆண்கள் வார்டில் நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் படுத்திருந்தார். நெடுஞ்சாலை விபத்தில் நசுங்கிய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. தம்பி வணக்கம் சொன்னதும் அவர் கேட்டாராம்: "எம் பொண்ணுக்குப் பரீட்சை நடக்குது. காலு போன சேதிய அவகிட்ட யாராச்சும் சொல்லிப்போட்டாங்களா தம்பி?"

அதற்குத் தம்பியின் பதில், "கவலைப்படாதீங்க ஐயா, ஜெபிப்போம்." நீண்ட ஜெபம். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இதை வாசித்துக் காட்டுகையில் நடுவிலேயே தம்பியின் குரல் நின்றுவிட்டது. "அவர் கேட்டதுக்கு நான் பதிலே சொல்லல, ஐயா" என்றார். நாங்கள் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை, தமக்கு இந்த அழைப்பு இல்லை போலிருக்கிறது, ஊருக்குப் போகிறேன் என்று பெட்டியோடு வந்து நின்றார்.

அவரை நாங்கள் கடிந்துகொள்ளவில்லை, ஏனெனில் நாங்களும் அப்படித் தொடங்கியவர்களே. மாணவப் பருவத்தில் ஒரு மருத்துவமனைக்கு முதன்முதல் அனுப்பப்பட்டபோது, குழந்தையை அன்று காலையில் பறிகொடுத்த ஒரு தாயிடம் தேவசித்தத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தோம். அந்த அம்மாள் எதுவும் பேசாமல் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். நாற்பது ஆண்டுகளுக்குமேல் ஆகியும் அந்த முதுகு எங்கள் கண்ணைவிட்டு அகலவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் வாய்க்கவில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் மௌனமாய் உடனிருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் தவறினார்கள். இதைக் கல்லூரியில் நாங்கள் படித்திருந்தோம். ஆனால் கற்றுக்கொண்டது அந்த வராந்தாவில்.

தம்பியை உட்காரவைத்து, 1914இல் பிறந்து நம் அண்டையிலுள்ள கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்டைப் பற்றிச் சொன்னோம். மிஷனெரியான அவருடைய தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் மலைமக்களுக்குச் சிகிச்சை செய்ததைச் சிறுவயதில் பார்த்தவர். சீழையும் இரத்தத்தையும் கண்டு அருவருத்து, வைத்தியமே வேண்டாமென்று கட்டட வேலை கற்றார். பிற்பாடு மிஷனெரிப் பயிற்சிக்காக லண்டனில் ஒரு மருத்துவமனை வார்டில் இருந்தபோது, இரத்தமெல்லாம் இழந்து பிணம்போலக் கிடந்த ஒரு பெண் இரத்தம் ஏற்றியதும் உயிர்ப்புற்றுப் பேசியதைக் கண்டார். அவர் பாதை மாறிற்று. 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய கைகளை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையில் உலகப் புகழ் பெற்றார். முதலில் நம்மைப் பின்வாங்கச் செய்கிற இடமே நம்முடைய இடமாகவும் இருக்கலாம்.

தம்பி மறுபடியும் அந்தக் கட்டிலுக்குப் போனார். "நேத்து நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லாமப் போயிட்டேன் ஐயா" என்று தொடங்கினார். மகளின் பரீட்சை, லாரிக்கு வாங்கிய கடன், இனி யார் ஓட்டுவது என்று ஒரு மணி நேரம் அவர் பேச, இவர் கேட்டார். அன்றைய குறிப்பின் கடைசி வரி: "இன்று ஜெபிக்கவில்லை. தவறா?"

தவறில்லை என்றோம். உங்களில் சிலருக்கு இது உறுத்தலாம். சுவிசேஷம் எங்கே என்று கேட்கலாம். ஒரு மனிதன் தன் பாரத்தை இறக்கிவைக்கும்வரை எழுந்து போகாமல் பக்கத்தில் இருப்பதும் அதன் ஒரு பகுதி என்றே நாங்கள் நம்புகிறோம். அவர் கேட்கும் நாளில் ஜெபிக்கலாம். அதுவரை அவருக்காகத் தனியே ஜெபிக்க யாரும் தடையில்லை.

நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு சிறு பகுதி இம்மாணவர்களின் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் போகிறது. நாளை இவர்கள் உங்கள் சபைக்கே போதகராக வரக்கூடும். உங்கள் வீட்டில் ஒருவர் நோயில் விழும்போது கட்டிலருகே வந்து நிற்கக்கூடும். அன்று அவர்கள் முதலில் கேட்கவும், பிறகு பேசவும் அறிந்திருக்கும்படி இன்று அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தருடைய பணியில் உங்கள்,
மருத்துவமனைப் போதகர்