நெகட்டிவ் என்றால் என்ன பொருள்?

வங்கியிலிருந்து வரும் கடிதம், ஆடிட்டர் எழுதியனுப்பும் குறிப்பு, கம்ப்யூட்டரில் பில் போடும் பையன் சொல்லும் சேதி என எதை எடுத்தாலும் 'நெகட்டிவ்' என்ற ஆங்கிலச் சொல் வந்து நிற்கிறது. நம் வணிக அன்பர்களில் சிலர் அதைக் கேட்டவுடனேயே ஏதோ கெடுதல் என்று கலங்குகின்றனர். வேறு சிலர் 'ஏதோ இல்லையாம்' என்று தள்ளிவிடுகின்றனர். இரத்தப் பரிசோதனையில் நெகட்டிவ் என்று வந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம் அல்லவா? வியாபாரக் காகிதங்களிலும் இச்சொல் இடத்துக்கு இடம் வேறு வேறு பொருள் தருகிறது.

முதலில் ரொக்கம். 'கேஷ் நெகட்டிவ்' என்று ஆடிட்டர் சொன்னால், ஏதோ ஒரு தேதியில் கையிலிருந்த பணத்தைவிட அதிகமாகச் செலவு எழுதியிருக்கிறோம் என்று பொருள். காலை இருப்பு 18,000 ரூபாய், அன்றைய வசூல் 22,000 ரூபாய், எழுதிய செலவு 46,000 ரூபாய் என்றால் 6,000 ரூபாய் இடிக்கிறது. வங்கியில் இருப்புக்கு மேல் எடுக்கலாம். அதற்கு ஓவர்டிராஃப்ட் என்று பெயர். கல்லாப்பெட்டியில் அப்படி எடுக்க வழியில்லை. ஆகவே அந்த 6,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதுதான் வருமான வரி அதிகாரியின் கேள்வி.

பெரும்பாலும் விஷயம் சாதாரணமானதுதான். முதலாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த பணத்தை வரவு வைத்திருக்கமாட்டார்கள். அல்லது பக்கத்துக் கடையில் வாங்கிய கைமாற்று விட்டுப்போயிருக்கும். வங்கியில் எடுத்த பணத்துக்கு மறுநாள் தேதி போட்டிருப்பார்கள். ஆனால் இரண்டு மூன்று வருடம் கழித்துக் கேட்கும்போது ருசு கிடைக்காது. விளக்கம் இல்லாத பணம் என்று முடிவு கட்டினால் அதற்குத் தனி விகிதத்தில் வரி உண்டு, அபராதமும் வரலாம். நாள்வழிக் குறிப்பேடு எழுதிய காலத்தில் கணக்குப்பிள்ளை இருப்புக் கட்டாமல் கடை பூட்டமாட்டார். பத்து நாள் சீட்டுகளை ஒரே மூச்சில் கம்ப்யூட்டரில் ஏற்றும் பழக்கம் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை பெருகியது என்பது நம் எண்ணம்.

'நெகட்டிவ் ஸ்டாக்' என்பது சரக்கு வரவு ஏற்றுமுன் விற்பனை பில் போடுவது. இரவு லாரியில் 50 மூட்டை துவரம்பருப்பு இறங்குகிறது. கொள்முதல் பில் மறுநாள்தான் ஏறுகிறது. அதற்குள் காலையில் 20 மூட்டை விற்றாயிற்று. கம்ப்யூட்டர் மைனஸ் 20 என்று காட்டும். பில் ஏறியதும் சரியாகிவிடும். வருடக் கடைசியிலும் மைனஸ் நின்றால் இருப்பு மதிப்பு குறைந்து லாபக் கணக்கே தவறும். பில் இல்லாமல் வாங்கிய சரக்கோ என்ற சந்தேகத்துக்கும் இடம் உண்டாகும்.

இவற்றையெல்லாம்விடக் கவனமாகப் பார்க்கவேண்டியது 'நெகட்டிவ் லீன்'. கேஷ் கிரெடிட் கடனுக்குக் கையெழுத்து வாங்கும் காகிதக் கட்டில் இது ஒரு தாளாக இருக்கும். 'இன்ன சொத்தை வங்கியின் எழுத்து மூலமான சம்மதமின்றி விற்கமாட்டேன், வேறிடத்தில் அடமானம் வைக்கமாட்டேன்' என்ற உறுதிமொழியே அது. இதனால் வங்கிக்குச் சொத்தின் மேல் அடமான உரிமை வந்துவிடுவதில்லை. பெரும்பாலும் இது பதிவாவதுமில்லை. ஆகவே வில்லங்கச் சான்றிதழில் தெரியாது. நாமும் மறந்துவிடுகிறோம். பெண்ணின் கல்யாணத்துக்கு வீட்டின் மேல் கடன் வாங்கப் போனால், அல்லது பாகப்பிரிவினைக்கு அண்ணன் தம்பி உட்கார்ந்தால், அப்போதுதான் அந்தத் தாள் நினைவுக்கு வரும். மீறி விற்றால் வங்கி கடன் முழுவதையும் உடனே கட்டச் சொல்லலாம். கடன் தீர்ந்தபின் அந்த உறுதிமொழி ரத்தானதாக ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளவும். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காமல் கொடுப்பது அபூர்வம்.

நன்மை தந்த நெகட்டிவும் உண்டு. சேவை வரி 1994இல் மூன்றே சேவைகளுக்கு வந்தது. பிறகு வருடந்தோறும் பட்டியல் நீண்டது. 2012 ஜூலை முதல் முறையையே தலைகீழாக்கி, எல்லாச் சேவைக்கும் வரி, 'நெகட்டிவ் லிஸ்ட்'டில் உள்ளவற்றுக்கு மட்டும் இல்லை என்றார்கள். அதில் இருந்தால்தான் தப்பித்தோம்! விளைபொருள்களை ஏற்றி இறக்குவதும் கிடங்கில் வைப்பதும், அவற்றுக்கான கமிஷன் மண்டியும் அதில் இருந்தன. நெல்லுக்குக் கிடைத்த சலுகை அரிசிக்கு உண்டா என்று வழக்காடி, 2014இல்தான் அரிசிக்கும் விலக்கு வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தப் பட்டியலும் போயிற்று.

கடைசியாக 'நெகட்டிவ் ஒர்க்கிங் கேப்பிடல்'. பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனங்களின் கணக்கில் இதைக் கண்டால் பங்குச் சந்தைக்காரர்கள் புகழ்கிறார்கள். அவர்கள் சரக்கை ரொக்கத்துக்கு விற்றுவிட்டு, சப்ளை செய்தவருக்குப் பல வாரம் கழித்துக் கொடுக்கிறார்கள். நடைமுறை மூலதனத்துக்குச் சொந்தப் பணம் தேவையில்லை. அப்படியானால் யார் பணம்? நம் பேரேட்டில் பாக்கியாக நிற்கும் பணம்தான். அதற்கு வங்கி வட்டி நாம் கட்டுகிறோம்.

சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். மொத்த, சில்லறை வணிகர்களும் உத்யம் பதிவு செய்யலாம் என 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது உண்மையே. ஆனால் அந்தப் பயன் வங்கிகளின் முன்னுரிமைக் கடனோடு நிற்கிறது. தாமதப் பணத்துக்கு வட்டி கேட்கும் உரிமை உற்பத்தி செய்பவருக்கும் சேவை செய்பவருக்கும் உண்டு, வாங்கி விற்கும் நமக்கு இல்லை. பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அன்பர்கள், பெரிய கடைகளுக்குச் சரக்கு அனுப்புமுன் ஆர்டரிலேயே பணம் தரவேண்டிய நாளையும், தாமதித்தால் வட்டி விகிதத்தையும் எழுதி, அவர்கள் கையெழுத்தை வாங்கிக்கொள்ளவும்.