நாயை டேப் பிடித்து அளக்கிறார்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகன் ராட்வைலர் குட்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். அது வந்தால் நான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டாராம். ‘சில ஜாதி நாய்கள் பிறவியிலேயே ஆபத்தானவையா, எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறதா? ஒரே வரியில் பதில் போடவும்’ என்று கடிதத்தை முடித்திருக்கிறார். ஒரே வரியில் சொல்ல முடிந்திருந்தால் பிரிட்டிஷ் அரசாங்கம் முப்பது வருஷத்துக்கு மேலாக இதில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்காது.

அந்த அம்மாவின் பயத்தைக் குறை சொல்ல முடியாது. 2022 ஜூலையில் லக்னோவில் 82 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை, மகன் வளர்த்த பிட்புல்லே வீட்டுக்குள் கடித்துக் கொன்றது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. அந்தப் பூங்காவின் காவலாளியுடைய குழந்தை அது. நாய்கள் சங்கிலி இல்லாமல் திரிந்தன.

இதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 12ஆம் தேதி, மத்தியக் கால்நடைத் துறை 23 ரகங்களைப் பட்டியல் போட்டு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. இறக்குமதி கூடாது, குட்டி போடவைக்கக் கூடாது, விற்கக் கூடாது, ஏற்கெனவே இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும். அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். டோசா இனு என்று ஓர் இடத்தில் வருகிறது, ஜப்பானிய டோசா என்று இன்னோர் இடத்தில் வருகிறது. இரண்டும் ஒரே நாய். டெரியர்கள் என்று மொட்டையாக ஒரு வரி வேறு. அப்படிப் பார்த்தால் மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் யார்க்‌ஷயர் டெரியரும் பயங்கர விலங்குதான். சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் போட்ட உத்தரவு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரல் 10ஆம் தேதி அதை ரத்து செய்தது. ஆயிரம் விளக்குச் சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசின் கால்நடைத் துறையும் 23 ரகங்களுக்குத் தடை என்று அறிவித்து, வேகமாகவே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஒரு புரளியை முதலில் தள்ளிவிடலாம். பிட்புல் கடித்தால் அதன் தாடை பூட்டிக்கொள்ளும் என்பார்கள். அப்படி ஒரு பூட்டு எந்த நாயின் தாடையிலும் கிடையாது. எலும்பும் தசையும் மற்ற நாய்களுக்கு இருப்பது போலத்தான். ஆனால் கவ்வியதை விடாமல் பிடித்து உலுக்கும் குணம் உண்டு. அது தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்தது. இங்கிலாந்தில் காளைமேல் நாயை ஏவிவிடும் விளையாட்டை 1835இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். உடனே ஆட்கள் குழிக்குள் நாயோடு நாயை மோதவிடும் பந்தயத்துக்குத் தாவினார்கள். புல்டாக்கின் பிடியும் டெரியரின் வேகமும் சேர்ந்த கலப்பு அந்தக் குழிகளில் உருவானதுதான். ராட்வைலரின் ஊரும் தொழிலும் வேறு. ஜெர்மனியில் ராட்வைல் என்ற ஊரில் மாடு ஓட்டவும் கசாப்புக்காரர் வண்டியை இழுக்கவும் வைத்திருந்த நாய் அது. ஆக, ரகம் என்பது வெறும் உடுப்பு என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

என் அப்பா லாரி ஓட்டியவர். வீட்டில் ஒரு டி.வி.எஸ். 50யும் இருந்தது. இரண்டிலும் அவர் ஒரே மாதிரிதான் வளைவில் திரும்புவார், ஒரே மாதிரிதான் சில சமயம் கவனம் பிசகுவார். மொபெட்டில் பிசகினால் முட்டி சிராய்க்கும். லாரியில் பிசகினால் போலீஸ் ஸ்டேஷன். பெரிய நாய் விஷயமும் இதுதான். பொமரேனியன் எத்தனையோ பேரைக் கடித்திருக்கும், யாரும் பேப்பரில் போடுவதில்லை. நாற்பது, ஐம்பது கிலோ நாய் ஒரே ஒருமுறை தப்பு செய்தால் போதும். கடிக்குமா, கடிக்காதா என்பதை ரகத்தை வைத்துச் சொல்வது கஷ்டம். கடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடலாம். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் வளர்ப்பாளர்களிடம் கேள்வி கேட்டு, இரண்டாயிரத்துச் சொச்சம் நாய்களின் மரபணுவையும் படித்து 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். நாய்க்கு நாய் குணம் மாறுவதில் ரகத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று அதில் வந்தது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1991இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஆறு வயதுச் சிறுமியை ஒரு பிட்புல் தாக்கியது. நாடே கொதித்தது. இரண்டே மாதத்தில் அவசர அவசரமாகச் சட்டம் வந்தது. பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ என்று நான்கு ரகங்களுக்குத் தடை. சட்டம் போட்டாகிவிட்டது, ஆனால் ஒரு நாய் பிட்புல்லா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிட்புல்லை அங்கே கென்னல் கிளப் ஒரு ரகமாகவே ஏற்றுக்கொள்ளவில்லை. வம்சாவளிப் பேப்பரும் கிடையாது. அதனால் சட்டம் நாயின் அப்பா அம்மா யார் என்று கேட்பதில்லை, உருவத்தைப் பார்க்கிறது. மரபணுச் சோதனைச் சீட்டை நீட்டினாலும் செல்லாது. லாப்ரடாருக்குப் பிறந்த கலப்பு நாயாக இருந்தாலும் பார்க்க பிட்புல் மாதிரி இருந்தால் அது பிட்புல்தான்.

அளவுகோலுக்கு எங்கே போனார்கள் தெரியுமா? அமெரிக்காவில் பிட்புல் பிரியர்கள் நடத்திய ‘பிட் புல் கெசட்’ என்ற பத்திரிகைக்கு. நல்ல பிட்புல் எப்படி இருக்க வேண்டும் என்று 1977இல் அதில் வெளியான இலக்கணத்தை 1993இல் லண்டன் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ரசிகர்கள் அழகுக்கு எழுதி வைத்தது குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. அன்றிலிருந்து பயிற்சி பெற்ற போலீஸ்காரர் டேப்போடு வருகிறார். பக்கவாட்டில் பார்த்தால் நாய் சதுரமாக இருக்கிறதா? தலையின் அகலம் தோளின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கா? பின்மண்டையிலிருந்து கண்ணுக்கு நடுவே வரையுள்ள தூரமும், அங்கிருந்து மூக்கு நுனி வரையுள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றா? வால் பழைய அடிகுழாயின் கைப்பிடி மாதிரி வளைந்து தொங்குகிறதா? எல்லாம் பொருந்த வேண்டும் என்பதில்லை, கணிசமாகப் பொருந்தினால் போதும். பிட்புல் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பாரம் நாய் வைத்திருப்பவர் தலையில். அந்த நாய் இதுவரை யாரையாவது கடித்திருக்கிறதா என்ற கேள்விக்கு அளவெடுக்கும் படிவத்தில் வேலையே இல்லை.

இத்தனை அளந்தும் கடி ஓயவில்லை. பட்டியலில் இல்லாத அமெரிக்கன் எக்ஸ்.எல். புல்லி என்ற பெருத்த நாய் இடையில் பரவி, ஆட்களைக் கொல்ல ஆரம்பித்தது. அதையும் ஐந்தாவதாகச் சேர்த்தார்கள். 2024 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். இதற்கும் டேப் உண்டு: ஆண் நாய் 20 அங்குல உயரம், பெண் 19. நெதர்லாந்துக்காரர்கள் பதினைந்து வருஷம் பிட்புல்லைத் தடை செய்து பார்த்துவிட்டு, கடி குறையவில்லை என்று 2008இல் கைவிட்டார்கள்.

சரி, கடிக்கிற நாயை எது உருவாக்குகிறது? அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்தார்கள், 1961இல் வெளிவந்தது. உயரமான வேலி போட்ட மைதானத்தில் குட்டிகளைத் தாயோடு விட்டு, மனிதர் யாரும் கண்ணில் படாமல் சாப்பாடு மட்டும் உள்ளே போகும்படி வைத்தார்கள். சில குட்டிகளை மட்டும் வெவ்வேறு வயதில் ஒரு வாரம் வெளியே எடுத்து, ஆட்களோடு பழகவிட்டுத் திரும்ப விட்டார்கள். ஏழு வாரத்தை ஒட்டிப் பழகியவை மனிதரிடம் நன்றாக ஒட்டிக்கொண்டன. பதினான்கு வாரம்வரை ஆள் முகமே பார்க்காதவை காட்டு விலங்கு போல ஆகிவிட்டன. எவ்வளவு கொஞ்சினாலும் பயம் தெளியவில்லை. இவையெல்லாம் என்ன ரகம் என்று நினைக்கிறீர்கள்? காக்கர் ஸ்பானியலும் பீகிளும். குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் சும்மா இருக்கும் என்று பேர் வாங்கிய நாய்கள்.

இந்த வாரங்களில்தான் நம் ஊரில் குட்டிகள் என்ன பாடு படுகின்றன என்று பார்த்தால் வயிறு எரிகிறது. முப்பது நாள் ஆனதும் தாயிடமிருந்து பிரித்துக் கடைக்கூண்டில் போட்டுவிடுகிறார்கள். தாயைக் காட்டச் சொன்னால் ‘ஃபார்மில் இருக்குங்க’ என்று மழுப்புகிறார்கள். வாங்கிப்போகிறவர் மொட்டைமாடியில் கட்டிப்போடுகிறார். தெருவில் ஆட்டோ போவதும், குழந்தை கத்தி ஓடுவதும், பால்காரர் பாத்திரம் வைப்பதும் அதற்குத் தெரியாது. வருஷம் கழித்து ஐம்பது கிலோ ஆனதும் ஒருநாள் சங்கிலி அறுந்து கீழே வருகிறது. அன்றைக்கு அதன் கண்ணில் படும் எல்லாமே புதுசு. புதுசைக் கண்டு மிரண்ட நாய்தான் பெரும்பாலும் கடிக்கிறது. அதை ‘வெறிபிடித்த ரகம்’ என்று பேப்பர் எழுதுகிறது. யூடியூப் பார்த்து, கெத்துக்காக நாயை அடித்துச் சீண்டி முரடாக்கும் பையன்களைப் பற்றி யாரும் பட்டியல் போடுவதில்லை. லாரிக்குத் தனி லைசென்ஸ் கேட்கிறோம். முப்பது கிலோவுக்கு மேல் வளரும் எந்த நாய்க்கும், அது பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வைத்திருப்பவரைத்தான் பரீட்சை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. நம் கோம்பையும் ராஜபாளையமும் மத்திய அரசு போட்ட பட்டியலில் இருக்கவில்லை. அவற்றைக் காவலுக்கு வைத்திருக்கிறவர் வீட்டுக் கேட்டைத் தட்டாமல் திறந்து பாருங்கள், தெரியும்.

திருப்பூர் அன்பருக்கு: மகன் கல்லூரிக்கு வெளியூர் போனபின் அந்த நாயை இழுத்துப் பிடித்து நடக்க வீட்டில் யாருக்கு உடம்பில் பலம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நீங்கள் எழுதியதிலிருந்து யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அப்படியானால் வீட்டுக்காரம்மா சொல்வதே சரி.

ஏற்கெனவே பெரிய நாய் வைத்திருக்கிறவர்கள் அதற்கு மாட்டும் வாய்மூடியை வாங்கும்போது கவனியுங்கள். கடைகளில் நைலான் துணியில் இறுக்கிக் கட்டுகிற ரகம்தான் மலிவாகத் தொங்குகிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து நாக்கை நீட்டி இளைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வாயை இறுக்கிக் கட்டி நம் மே மாத வெயிலில் நடத்திப் போனால் பாதி வழியில் சுருண்டுவிடும். கூடை மாதிரிப் பின்னியது கொஞ்சம் விலை கூட. அதில் நாய் இளைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், பிஸ்கெட்டும் உள்ளே போகும். வாங்கின அன்றே மாட்டிவிட்டுத் தெருவுக்கு இழுத்துப் போகாதீர்கள். ஒரு வாரம் வீட்டுக்குள் அதற்குள்ளேயே தின்பண்டம் வைத்துக் கொடுத்தால் தானே வந்து மூக்கை நுழைக்கும்.